ஏழு கேள்விக்குறிகள்

“இத்த நீதான் பூட்டிக் குடுத்தியாம். நீயே தொறந்து குடு டீச்சர்.”

சொல்லிவிட்டு ஒரு பென்டிரைவை என் மேசைமேல் வைத்தார் கன்னியம்மா. அதை ஒரு பாலித்தீன் பையில் சுற்றி, அந்தப் பையை இன்னொரு பைக்குள் போட்டு, சுருக்குப்பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அப்படியும் அதன் முதுகில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. மார்க்கெட்டில் கூடையைக் கவிழ்த்துவிட்டு நேராக என்னிடம் வந்திருக்கிறார். அவருடைய கணவர் தேசிங்கு இறந்து நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறது நான் பாடம் நடத்தும் கணினிப் பயிற்சி நிலையம். அங்கே ஜாவா சொல்லித்தர ஆரம்பித்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. வருடாவருடம் அதே முதல் பாடம், அதே பிழைகள். முகங்கள் மட்டும் புதிது. அன்று காலை வகுப்பை முடித்துத் தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்திருந்தேன். யார் என்ன கேட்டாலும் நாளைக்கு வாங்க என்று சொல்லும் நிலைமையில்தான் இருந்தேன்.

“டூட்டில குடிச்சிட்டு ஏணிலேர்ந்து வியுந்துட்டாருன்னு கம்பெனில எய்திக் குடுத்துட்டாங்கோ,” என்றார் கன்னியம்மா. குரல் உயரவில்லை. “அவுரு குடிக்கிற ஆளே இல்ல. இதுல தெனிக்கும் இன்னாவோ எய்தி வெச்சிகினு இருந்தாரு. வக்கீலு அத்தக் கொண்டாமான்றாரு. பாஸ்வேர்டு இன்னான்னு எனுக்குத் தெர்ல.”

எனக்கும் தெரியாது. யாருக்கும் தெரியக்கூடாது என்றுதான் அந்தப் பூட்டு நிரலை எழுதினேன். “நீங்க சொல்லாம என்னாலகூட இதைத் திறக்க முடியாது” என்று ஒருகாலத்தில் தேசிங்கிடம் பெருமையாகச் சொன்னவள் நான்தான்.

நான்காம் எண் கணினி

தேசிங்கு நெட்டுக்குப்பத்துக்காரர். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், முதுகில் அடிபட்ட பிறகு எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்தார். பெரிய தொட்டி ஒன்றின் பக்கவாட்டில் இரும்பு ஏணி. அதில் ஏறி, மேலே இருக்கும் வாயு மீட்டர் காட்டும் எண்ணைப் பார்த்து, கீழே வந்து பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு ஷிப்டுக்கு நான்கு முறை. அதுதான் வேலை.

மகளின் கல்லூரி விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்பித் தரச் சொல்லித்தான் முதலில் வந்தார். நான் நிரப்பி முடிக்கும்வரை விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்.

“டீச்சர், இதுல எய்தி வெச்சி, வேற எவனும் படிக்காத மாரி பூட்டு போட முடியுமா?”

“என்ன எழுதப் போறீங்க?”

“இன்னா நடக்குதோ அதான். நோட்டுல எய்தினேன். கம்பெனி கேட்டுல வாச்மேன் செக் பண்றேன்னு புடுங்கிக்கினான்.”

அந்தக் காலத்தில் எங்களிடம் ஆறு கணினிகள் இருந்தன. நான்காம் எண் மூலையில், ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஜன்னல் பக்கம் யாருக்கும் பிடிக்காது. அனல்மின் நிலையச் சாம்பல் எங்கிருந்துதான் வருமோ, காலையில் துடைத்த விசைகளில் மதியத்துக்குள் மறுபடி விரலடையாளம் விழும். முதல் ஷிப்டு முடிந்து இரண்டரை மணிக்கு மேல் வருகிற தேசிங்குக்கு அந்த இடத்தைக் கொடுத்தேன். தமிழில் தட்டச்சு செய்ய இரண்டே நாளில் பழகிக்கொண்டார், இரண்டே விரலில்.

தட்டச்சு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாடி முன்பு தட்டச்சுப் பயிற்சி நிலையமாக இருந்தது. நான் இங்கேதான் ஹையர் பாஸ் செய்தேன். ஒருநாள் இயந்திரங்களை எல்லாம் லாரியில் ஏற்றிவிட்டுக் கணினிகளை இறக்கினார்கள். என்னையும் சேர்த்து அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் ஜாவா படித்தேன். ஆர்வத்தில் படித்ததாக மாணவர்களிடம் சொல்வதுண்டு. பயத்தில் படித்தது என்பதுதான் நிஜம்.

தேசிங்குக்காக இரண்டு மதியம் உட்கார்ந்து அந்த நிரலை எழுதினேன். ஜாவாவுக்குள்ளேயே பூட்டுவதற்கான வசதி உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் அதன் பலத்துக்கு ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். அதனால் மறையாக்கத்துக்கென்றே, அதாவது இப்படிப் பூட்டுவதற்கென்றே, வேறு ஆட்கள் எழுதி இணையத்தில் வைத்திருக்கும் ஒரு நூலகத்தை இறக்கிச் சேர்த்துக்கொண்டேன். நூலகம் என்றால் புத்தகம் அல்ல. பிறர் எழுதிய நிரல்களை ஒரே கோப்பாகக் கட்டித் தந்திருப்பார்கள், ஜார் கோப்பு என்று பெயர். நம் நிரல் அதைக் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்ளும்.

என் நிரலை ஓட்டினால் ஒரு சின்னக் கட்டம் வரும். கடவுச்சொல்லைத் தட்டினால் எழுத்துக்குப் பதில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். சரியாக இருந்தால் குறிப்புகள் திறக்கும். தேசிங்கு தட்டும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நான்கு வருடம்போல எழுதினார். கடைசி இரண்டு வருடம் மகள் வாங்கிவந்த ஒரு பழைய மடிக்கணினியில் வீட்டிலேயே எழுதிக்கொண்டார். நான்காம் எண்ணில் இருந்த எல்லாவற்றையும் அப்படியே அதில் ஏற்றிக்கொடுத்தவர் ரபீக் பாய். வண்ணாரப்பேட்டையில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர், எங்கள் நிலையத்துக்கு இன்றுவரை அவர்தான் வைத்தியர். அந்த மடிக்கணினியும் தேசிங்கு இறந்த ஒரு வாரத்தில் மழைத்தண்ணீரில் போய்விட்டது. மிஞ்சியது அவர் நகல் எடுத்து வைத்திருந்த பென்டிரைவ்.

அரைப்புள்ளி, முக்காற்புள்ளி

பென்டிரைவில் பூட்டிய கோப்பும் நான் எழுதிய மூல நிரலும் இருந்தன. நூலகம் இல்லை.

கன்னியம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நிரலைக் கம்பைல் செய்தேன், அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றப் பார்த்தேன். திரை முழுக்கப் பிழைகள். நூலகத்தைக் காணோம் என்பதையே ஐம்பது விதமாகச் சொன்னது. இணையத்தில் தேடிப் புதிய பதிப்பை இறக்கினேன். பிழைகள் குறைந்தன, போகவில்லை. பழைய பெயர்கள் சிலவற்றைப் புதிய பதிப்பில் எடுத்துவிட்டிருந்தார்கள். என் மூல நிரலின் தலையில் நானே எழுதிவைத்திருந்த பதிப்பு எண்ணைப் பார்த்து, அந்தப் பழையதைத் தேடிப் பிடிப்பதற்குள் மாலை வகுப்புக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

“நாளிக்கு வரவா?” என்றார் கன்னியம்மா.

மறுநாள் கம்பைல் ஆனது. ஓட்டினால் ஓடவில்லை. இது நான் மாணவர்களுக்கு ஆயிரம் முறை சொல்லித்தந்த பாடம். கம்பைல் செய்யும்போது நூலகம் இருக்கும் இடத்தைச் சொன்னால் போதாது, ஓட்டும்போதும் சொல்ல வேண்டும். நம் நிரல் இருக்கும் இடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொன்னேன். அப்போதும் ஓடவில்லை. ஏதோ ஒரு கட்டளை தெரியவில்லை என்றது.

கால் மணி நேரம் வெறித்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பழைய விண்டோஸ் கணினியில் இரண்டு இடங்களுக்கு நடுவே அரைப்புள்ளி வைப்போம். இப்போது எங்களிடம் இருப்பது லினக்ஸ், அங்கே முக்காற்புள்ளி. அரைப்புள்ளியைக் கண்டதும் அது என் ஒரு கட்டளையை இரண்டாக வெட்டிவிட்டிருந்தது. வகுப்பில் பரீட்சைக்கே கேட்கிற கேள்வி இது. கை பழைய பழக்கத்தில் தட்டிவிட்டது.

புள்ளியை மாற்றியதும் அந்தச் சின்னக் கட்டம் வந்தது.

“வந்திச்சா?” கன்னியம்மா நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

“பூட்டு வந்திருக்கு. சாவிதான் வேணும்.”

அவர் பெயரைத் தட்டினேன். இல்லை. மகளின் பெயர், தேசிங்கின் அம்மா பெயர், பழைய படகின் பெயர், ஊர்ப் பெயர், குலதெய்வத்தின் பெயர். எதற்கும் திறக்கவில்லை. கன்னியம்மா சொல்லிக்கொண்டே இருந்தார், நான் தட்டிக்கொண்டே இருந்தேன். நாற்பது பெயருக்கு மேல் ஆன பிறகு அவர் நிறுத்திக்கொண்டார். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“நல்லாத்தான் பூட்டிக்கீற டீச்சர்,” என்றார். கிண்டல் இல்லை. அதுதான் வலித்தது.

ரபீக் பாய் சொன்னது

மூன்றாம் நாள், அந்தப் பழைய கணினி எங்காவது கிடக்கிறதா என்று ரபீக் பாய்க்குப் போன் செய்தேன்.

“நாலாம் நம்பரா? அத்தப் பிரிச்சிப் போட்டு ரெண்டு வருசம் ஆவுதும்மா. எதுக்கு?”

சொன்னேன். அவருக்கும் தேசிங்கைத் தெரியும்.

“நல்ல மனுசன்மா. அந்த மெசினு பேஜாரு புடிச்ச மெசினு. தமிழே ஒயுங்கா வராது. நீங்கதான கேள்விக்குறியா வருது, கேள்விக்குறியா வருதுன்னு எனக்குப் போன் மேல போன் போட்டுக்கினே இருந்தீங்கோ?”

போனை வைத்துவிட்டு மூல நிரலைத் திறந்தேன். கடவுச்சொல்லை வாங்கும் வரிக்கு நேராகப் போனேன்.

விஷயம் இதுதான். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்தையும் எண்ணாக மாற்ற ஓர் அட்டவணை வேண்டும். எந்த அட்டவணை என்று நாம் சொல்லாவிட்டால், பழைய ஜாவா அந்தக் கணினியில் வழக்கமாக இருப்பதை எடுத்துக்கொள்ளும். நான்காம் எண்ணில் இருந்த வழக்கமான அட்டவணையில் தமிழுக்கு இடமே கிடையாது. இடமில்லாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் அது ஒரு கேள்விக்குறியை வைத்துவிடும். தேசிங்கின் மடிக்கணினியிலும் அதே கதைதான்.

அவருடைய குறிப்புகள் முதல் நாள் கேள்விக்குறிகளாக வந்தபோது, எந்த அட்டவணை என்று எழுதிச் சரிசெய்துவிட்டேன். கடவுச்சொல்லில் சரிசெய்யவில்லை. அங்கேதான் கறுப்புப் புள்ளிகள் ஆயிற்றே, கேள்விக்குறி கண்ணில் படவே இல்லை. கண்ணில் பட்டதைத் திருத்தினேன், படாததை விட்டுவிட்டேன்.

ஆகவே தேசிங்கு தமிழில் எந்தச் சொல்லைத் தட்டியிருந்தாலும் பூட்டுக்குப் போனது வெறும் கேள்விக்குறிகள். எத்தனை என்பது மட்டுமே சாவி. யாராலும் திறக்க முடியாது என்று நான் பெருமையடித்த பூட்டை, அத்தனை எழுத்துள்ள எந்தச் சொல்லைத் தட்டியும் அந்தக் கணினியில் திறந்திருக்கலாம். இத்தனை வருடமும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

ஒரு வரியை மாற்றி, பழைய அட்டவணையை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு கேள்விக்குறி தட்டினேன். இரண்டு. மூன்று. ஏழாவதில் திறந்துகொண்டது.

மகிழ்ச்சி வரவில்லை. விசைப்பலகைமேல் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தாண்டிய வரி

கன்னியம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அதனால் நான் வாய்விட்டுப் படித்தேன், அவர் திரையில் விரல் வைத்துத் தொடர்ந்து வந்தார்.

பெரும்பாலும் சின்னச் சின்ன வரிகள். இன்று எத்தனை முறை ஏறினேன், மீட்டரில் என்ன எண், வாடை எப்படி, யாருக்குக் கண் எரிந்தது. நடுநடுவே வீடு. “மவளுக்குக் காய்ச்ச.” “கன்னிமா வவ்வா மீனு வறுத்தா.” வீட்டில் அவரைக் கன்னிமா என்றுதான் கூப்பிடுவாராம். முதல்முறை அந்தப் பெயர் வந்தபோது கன்னியம்மா விரலை எடுக்கவே இல்லை. நான் காத்திருந்தேன்.

இறப்பதற்கு முந்திய நாட்களின் குறிப்பு இப்படி இருந்தது. “மீட்டர் முள்ளு மூணு நாளா அசையல. சூப்பர்வைசர் கைல சொன்னேன். போன வாரத்து நம்பரையே எய்துன்றாரு. எய்தினேன். ஏறும்போது தல சுத்துது.”

வக்கீலுக்கு வேண்டியது இதுதான்.

ஆனால் அதற்குச் சில மாதங்கள் முந்திய ஒரு பக்கத்தில் வேறொரு வரி இருந்தது. கூட வேலை செய்தவரின் சாவுக்குப் போய்விட்டு வந்த நாள். பார்த்ததும் அதை விட்டுவிட்டு அடுத்த வரியைப் படித்தேன்.

“இன்னா டீச்சர், ஒண்ண வுட்டுட்டுத் தாண்டிட்ட?”

அவர் விரல் அந்த வரியில் இருந்தது. வேறு வழியில்லாமல் படித்தேன். “இன்னிக்கு ரெண்டு கட்டிங் போட்டேன். கன்னிமா கைல சொல்லல.”

கன்னியம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே கன்டெய்னர் லாரிகள் நகராமல் வரிசையில் நின்றன. அவற்றைப் பார்த்தபடியே வெகுநேரம் நின்றார்.

“இதை மட்டும் எடுத்துட்டு மத்ததை அச்செடுக்கலாம்,” என்றேன். “யாருக்கும் தெரியப்போறதில்ல.”

“வாணாம்.” திரும்பி வந்து உட்கார்ந்தார். “எனுக்கே தெரியாம குடிச்சிக்கிறாரு. ஆனா அத்த எய்தியும் வெச்சிக்கிறாரு பாரு. ஒண்ணத் தூக்கிட்டா அப்பால மிச்சத்த எவன் நம்புவான்? எல்லாத்தையும் எடு.”

எடுத்தேன். போகும்போது வாசலில் நின்று கேட்டார். “அந்தப் பாஸ்வேர்டு இன்னா வார்த்தன்னு மட்டும் தெரியவே தெரியாதா?”

“தெரியாது. ஏழு குறின்னு மட்டும்தான் தெரியும். புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனியா எண்ணணும்.”

“எம்பேரு?”

“அது பத்து வருது.”

“கன்னிமா?”

விரல்விட்டு எண்ணினேன். ஏழு. சொன்னேன். எண்ணூர் என்பதும் ஏழுதான். அதை நான் சொல்லவில்லை.

விசாரணை

கன்னியம்மாவின் வக்கீல் போட்ட மனுவின்மேல் விசாரணை, அரசு அலுவலகம் ஒன்றின் இரண்டாம் மாடியில் ஓர் அதிகாரி முன் நடந்தது. மின்விசிறிக்குக் கீழே காகிதங்கள் பறக்காமல் இருக்க ஆளுக்கொரு பக்கம் கையை வைத்துக்கொண்டிருந்தோம். குறிப்புகளைத் திறந்தவள் என்பதால் என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள்.

கம்பெனித் தரப்பு வக்கீல் இளைஞர், மரியாதையாகத்தான் கேட்டார். “கடவுச்சொல் என்னம்மா?”

“தெரியாது சார்.”

“தெரியாம எப்படித் திறந்தீங்க?”

பொய் சொல்ல ஒரு நிமிடம் தோன்றியது. பெயரைத் தட்டினேன், திறந்தது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. கன்னியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கட்டிங்கை எடுக்காதே என்று சொன்னவர் அவர்.

சொன்னேன். அட்டவணை, கேள்விக்குறி, ஏழு, என் தவறு, எல்லாம்.

“அப்ப, யார் வேணும்னாலும் திறந்து மாத்தி எழுதிட்டுத் திரும்பப் பூட்டியிருக்கலாம்?”

“முடியும் சார்.”

அந்த அறையில் அதற்குமேல் என்னிடம் கேட்க யாருக்கும் எதுவும் இருக்கவில்லை. இத்தனை வருடம் பாடம் சொன்னவள், ஒரு மனிதன் நம்பி எழுதியதை என் வாயாலேயே ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டேன் என்று நினைத்தபடி மாடிப்படியில் வந்து உட்கார்ந்தேன். கன்னியம்மாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மன்னிச்சிடுங்க,” என்றேன். “நான் ஒழுங்கா எழுதியிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது.”

“நீ ஒயுங்கா எய்தியிருந்தா அது தொறந்தே இருக்காதில்ல?”

கன்னியம்மா முந்தானையால் விசிறிக்கொண்டார்.

அடுத்த விசாரணைக்குக் கம்பெனியின் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி அதிகாரி உத்தரவிட்டார். வந்தது. தேசிங்கு எழுதியிருந்தபடியே அந்த நாட்களில் ஒரே எண், அவர் கையெழுத்தில். அதற்கு அடுத்த பக்கத்தைப் புரட்டியவர் அதிகாரிதான். தேசிங்கு இறந்த பிறகும் நான்கு நாள், வேறு ஒருவர் கையெழுத்தில், அதே எண். ஒரு புள்ளிகூட மாறாமல்.

அதிகாரி எங்கள் தரப்புத் தாள்களை எடுத்து, அந்த இரண்டு கட்டிங் வரியில் பேனாவை வைத்துக் கம்பெனி வக்கீலிடம் காட்டினார். “மாத்தி எழுதறவங்க இதை விட்டுவைப்பாங்களா?”

உத்தரவு

உத்தரவு வர இன்னும் பல மாதங்கள் ஆயின. அதற்குள் எனக்குக் கண்ணில் புரை வந்து அறுவை சிகிச்சை ஆனது, கன்னியம்மாவின் மகள் படிப்பை முடித்தாள். உத்தரவை வாங்கப்போன அன்று இருவரும் அலுவலக வாசலிலேயே, பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி படித்தோம். அதாவது நான் படித்துத் தமிழில் சொன்னேன்.

“பணி நேரத்தில் மது அருந்தியிருந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்த வாசகம் நீக்கப்படுகிறது.”

“இன்னொருவாட்டி சொல்லு.”

சொன்னேன்.

“அப்ப எதுனால வியுந்தாராம்?”

அடுத்த பத்தியைத் தேடினேன். “விழுந்ததற்கான காரணத்தை இந்த விசாரணையில் உறுதிசெய்ய முடியவில்லை. மீட்டர் பழுது குறித்துத் தனி விசாரணை நடத்தப்பட வேண்டும்.”

அவர் தாள்களை வாங்கி நான்காக மடித்தார். தூரத்தில் எங்கள் பேருந்து வருவது தெரிந்தது. கூட்டம் முன்னால் நகர்ந்தது. எனக்குக் கால் வலித்தது, அன்றைக்கு இன்னும் இரண்டு வகுப்பு பாக்கியிருந்தது. ஒருவழியாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

“குடிகாரன்னு போட்டத எட்த்துட்டாங்கோ. அது நல்லது,” என்றார் கன்னியம்மா. “ஆனா இது பத்தாது. இன்னோரு கேசு போடணும். நாளிக்கு வக்கீலாண்ட போறேன். நீயும் வரணும் டீச்சர்.”

சோர்வாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். வருகிறேன் என்று சொன்னேன். நான் பேருந்தில் ஏறுவதற்குள் அவர் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தார்.